தரம் உயர்ந்த பிறகும் ஏன் அனுப்பிவிடுகிறார்கள்? 30 படுக்கை அரசு மருத்துவமனையின் கதையும் கணக்கும்

‘ஆரம்ப சுகாதார நிலையம் 30 படுக்கை மருத்துவமனையாகத் தரம் உயர்த்தப்பட்டது’ என்ற செய்தி தமிழ்நாட்டில் அடிக்கடி வருகிறது. புதுக் கட்டடம் திறக்கிறார்கள், கல்வெட்டு வைக்கிறார்கள். சில மாதங்களில் அதே மருத்துவமனையைப் பற்றி வேறொரு செய்தியும் வருகிறது: இரவில் பிரசவ வலியோடு வந்த பெண்ணை மாவட்டத் தலைநகருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று. ஊர்க்காரர்கள் கோபப்படுகிறார்கள். தரம் உயர்ந்துவிட்டதாகச் சொன்னவர்கள் ஏன் அனுப்பினார்கள்?

இரண்டு செய்தியுமே உண்மையாக இருக்க முடியும். அது எப்படி என்று புரிய, இந்த மருத்துவமனை அரசின் மருத்துவ அமைப்பில் எந்தப் படியில் இருக்கிறது, எதற்காக உருவானது, அதற்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

எந்தப் படியில் எது

கிராமத்திலிருந்து மேலே போனால் அடுக்கு இப்படி இருக்கும்.

1. துணை சுகாதார நிலையம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியிலும் பழங்குடியினர் வாழும் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. இங்கே டாக்டர் கிடையாது. பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியரின் பொறுப்பு. கர்ப்பிணியைப் பதிவு செய்வதும் குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதும் அவர் வேலை.

2. ஆரம்ப சுகாதார நிலையம், அதாவது பி.எச்.சி. சமவெளியில் 30,000 பேருக்கும் மலையில் 20,000 பேருக்கும் ஒன்று. எம்.பி.பி.எஸ். டாக்டர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர் இருப்பார்கள். சில படுக்கைகள் மட்டுமே இருக்கும்.

3. சமுதாய சுகாதார நிலையம். சமவெளியில் 1,20,000 பேருக்கும் மலையில் 80,000 பேருக்கும் ஒன்று, 30 படுக்கைகள். தமிழ்நாட்டில் ஒன்றியத்துக்கு ஒரு பி.எச்.சி.யை மேம்படுத்தி இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பெயர்ப் பலகையில் ‘மேம்படுத்தப்பட்ட அரசு ஆரம்ப சுகாதார நிலையம்’ என்றோ ‘வட்டார’ என்ற சொல்லோடோ இருக்கும். இந்தக் கட்டுரை இதைப் பற்றித்தான்.

4. தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை. மக்கள் ஜி.ஹெச். என்று சொல்வது பெரும்பாலும் இவற்றை.

5. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

முதல் மூன்றும் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. நான்காவது, மருத்துவ மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநரகம். ஐந்தாவது, மருத்துவக் கல்வி இயக்குநரகம். ஒரே அரசு, ஒரே அமைச்சர், ஆனால் மூன்று நிர்வாகங்கள். ஒன்றியத்து 30 படுக்கை மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர் விடுப்பில் போனால், பக்கத்துத் தாலுகா மருத்துவமனையிலிருந்து ஒருவரை வரவழைப்பது இரண்டு இயக்குநரகங்களுக்கு இடையிலான விஷயம் ஆகிவிடுகிறது.

2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், திருப்பூர், கள்ளக்குறிச்சி, அரியலூர் உட்பட 11 இடங்களில் ஒரே நாளில் மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கல்லூரி வந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனை அதோடு சேர்ந்து மருத்துவக் கல்வித் துறைக்குப் போகும். தலைமை மருத்துவமனை என்ற தகுதி அந்த மாவட்டத்தின் வேறொரு மருத்துவமனைக்கு மாறும். எந்த ஆஸ்பத்திரி எந்தப் படியில் இருக்கிறது என்ற குழப்பத்தில் பாதி இப்படி வந்ததுதான்.

30 படுக்கை என்ற எண் எங்கிருந்து வந்தது

சென்னை மாகாணம் பொது சுகாதாரத்தைச் சிகிச்சையிலிருந்து பிரித்துத் தனித் துறையாகப் பார்க்கத் தொடங்கியது 1920களில். 1939இல் பொது சுகாதாரத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. தொற்றுநோய்த் தடுப்புக்கென்று தனி அதிகாரிகள், தனிப் பயிற்சி என்ற வழக்கம் அன்றிலிருந்து இன்றுவரை இங்கே அறுபடவில்லை. பல மாநிலங்களில் அது நிலைக்கவில்லை.

நாடு முழுமைக்குமான சுகாதாரத் திட்டம், பிரிட்டிஷ் ஆட்சியில் சர் ஜோசப் போர் (Bhore) என்ற அதிகாரியின் தலைமையில் அமைந்த குழுவிடமிருந்து வந்தது. 1943இல் அமைத்தார்கள், 1946இல் அறிக்கை தந்தது. அதன் நீண்டகாலத் திட்டத்தை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கும். 10,000 முதல் 20,000 பேருக்கு 75 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை, அதற்கு மேல் 650 படுக்கை, மாவட்டத்தில் 2,500 படுக்கை என்று அந்தக் குழு கேட்டது. இப்போதைக்கு முடிந்ததைச் செய்யுங்கள் என்று ஒரு குறுகியகாலத் திட்டத்தையும் கொடுத்தது: 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். சுதந்திர இந்தியா இந்தக் குறுகியகாலத் திட்டத்தை எடுத்துக்கொண்டது. நீண்டகாலத் திட்டம் அறிக்கையோடு நின்றுவிட்டது.

1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது ஒவ்வொரு வளர்ச்சி வட்டாரத்துக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று முடிவானது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1962இல் அறிக்கை தந்த இன்னொரு குழுவுக்குத் தலைவர், அன்றைய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார். புதிதாகத் திறந்துகொண்டே போகாதீர்கள், இருக்கிற நிலையங்களை முதலில் பலப்படுத்துங்கள் என்பது அந்தக் குழுவின் முக்கியப் பரிந்துரைகளில் ஒன்று. அறுபது ஆண்டுக்கு முன் சொன்ன அந்த வாக்கியத்தை இன்றைய திறப்பு விழா மேடைகளிலும் வாசிக்கலாம்.

பி.எச்.சி.க்கும் மாவட்ட மருத்துவமனைக்கும் நடுவே இடைவெளி பெரிதாக இருந்தது. நான்கு பி.எச்.சி.க்கு ஒன்று என்ற அளவில், அறுவை சிகிச்சை, பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தை நலம் ஆகிய நான்கு சிறப்பு மருத்துவர்களோடு 30 படுக்கை மருத்துவமனை என்பது 1980களில் வடிவம் பெற்றது. 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்ததும் பணம் வந்தது. 2007இல் எந்த நிலையத்தில் என்ன இருக்க வேண்டும் என்ற தர விதிகள் வந்தன. 2012இலும் 2022இலும் அவற்றைத் திருத்தினார்கள்.

2022 திருத்தத்தில் இருக்கும் ஒரு பிரிவினை இந்த விஷயத்தின் மையம். சமுதாய சுகாதார நிலையங்களை அது இரண்டு வகையாகப் பார்க்கிறது: முதல் பரிந்துரை மையமாக இயங்குபவை, அப்படி இயங்காதவை. முதல் வகையில் சிசேரியன் உட்பட அவசரப் பிரசவ சிகிச்சையும் பச்சிளம் குழந்தைக்கான சிகிச்சையும் 24 மணி நேரமும் கிடைக்க வேண்டும், ரத்த சேமிப்பு வசதியும் வேண்டும். இரண்டாம் வகைக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. இரண்டுக்கும் 30 படுக்கை இருக்கலாம், கட்டடமும் ஒரே மாதிரி இருக்கலாம். ‘தரம் உயர்ந்தது’ என்ற செய்தி, எந்த வகைக்கு உயர்ந்தது என்பதைச் சொல்வதில்லை.

அங்கே என்ன கிடைக்கும்

சிசேரியன் செய்யாத 30 படுக்கை மருத்துவமனையும் பெரிய வேலை செய்கிறது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஆஸ்துமா, காயத்துக்குத் தையல், நாய்க்கடி ஊசி, சுகப்பிரசவம், கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன், எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, பல் சிகிச்சை, காசநோய்க்கு மருந்து என்று பட்டியல் நீளும். பல இடங்களில் சித்த மருத்துவப் பிரிவும் உண்டு. வட்டார மருத்துவ அலுவலர் இங்கிருந்துதான் ஒன்றியம் முழுவதையும் பார்க்கிறார். டெங்கு வந்தால் வீடு வீடாகப் போகும் ஆட்கள் புறப்படுவது இங்கிருந்துதான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் பெண்களுக்கும் இந்த அமைப்புதான் பின்புலம்.

மாத்திரை தட்டாமல் கிடைப்பதற்குக் காரணம் 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் கொள்முதல், மாவட்டக் கிடங்குகளில் இருப்பு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை மருத்துவமனையே முடிவு செய்து எடுத்துக்கொள்ளும். மேலிடம் அனுப்புவதை வாங்கி அடுக்கும் முறை இல்லை. கிடங்குக்கு வரும் மருந்து, தயாரித்தவர் யார் என்று தெரியாதபடி மறைத்து ஆய்வகத்துக்குப் போய், தேறிய பிறகே வெளியே போகும். இந்த ஏற்பாட்டை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றியதில் வியப்பில்லை.

பாம்புக்கடி: சின்ன மருத்துவமனையின் பெரிய வேலை

இந்தப் படி எவ்வளவு முக்கியம் என்பதற்கு பாம்புக்கடியை விட நல்ல உதாரணம் கிடையாது. கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையும் தன்மை போய்விடும். அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த ஒரு கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு குழாயைச் சாய்க்கிறார்கள். ரத்தம் கட்டியாக நின்றால் இப்போதைக்குப் பயமில்லை, திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் போல ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்தை உடனே ஏற்ற வேண்டும்.

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான். அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு நெடுங்காலமாகச் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978இல் தொடங்கிய சங்கம் அது.

கட்டு விரியன் வேறு மாதிரி. கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ தெரியாமலே இருக்கலாம். தூக்கத்தில் கடித்துவிட்டுப் போய்விடும். இமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். வென்டிலேட்டர் இல்லாத மருத்துவமனை இவரை அனுப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் விஷமுறிவு மருந்தைத் தொடங்கி, மூச்சுக்குக் குழாய் வைத்து, கையால் அழுத்தும் பலூனோடு ஒரு செவிலியரையும் ஏற்றி அனுப்புவது ஒன்று. சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவது வேறு. இரண்டுக்கும் பதிவேட்டில் ஒரே சொல்தான்: ‘மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்டார்’. அனுப்பினார்களா என்பதோடு, என்ன செய்து அனுப்பினார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

வாரத்தில் 168 மணி நேரம்

மகப்பேறு மருத்துவர் ஒருவர், மயக்க மருந்து மருத்துவர் ஒருவர் நியமிக்கப்பட்டார்கள் என்று அறிவிப்பு வந்தால் சிசேரியன் வசதி வந்துவிட்டதாக நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1. ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது.
2. ஒரு மருத்துவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்த்தால், 168ஐ நிரப்ப மூன்றரைப் பேர் வேண்டும்.
3. விடுப்பு, பயிற்சி, நீதிமன்ற சாட்சி, முகாம் பணி எல்லாம் சேர்த்தால் ஒரே துறைக்கு நான்கு பேருக்குக் குறையாது.
4. ஒருவர் மட்டும் இருந்தால், வாரத்தில் 120 மணி நேரம் அந்தச் சேவை அங்கே கிடையாது.

பிரசவ வலி நேரம் பார்த்து வருவதில்லை. இரவும் ஞாயிறும் சேர்ந்த அந்த 120 மணி நேரத்தில் வருபவர்களே அதிகம் இருப்பார்கள். கூப்பிட்டால் வருவேன் என்று பக்கத்திலேயே குடியிருக்கும் டாக்டர் இருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் தளரும். அது அந்த மனிதரின் நல்ல மனதையும் உடம்பையும் நம்பி நடப்பது, ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

செவிலியருக்கும் இதே கணக்குதான். பி.எச்.சி.யில் மூன்று செவிலியர்களை வைத்து 24 மணி நேரப் பிரசவம் என்பது தமிழ்நாடு நடைமுறைப்படுத்திய மாற்றம், அதனால் பெரிய பலனும் கிடைத்தது. ஆனால் நாளுக்கு மூன்று ஷிப்ட் என்றால் வாரத்துக்கு 21 ஷிப்ட். மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏழு, அதாவது வார ஓய்வே இல்லை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற இருவரும் அதைச் சுமக்கிறார்கள்.

இரவில் ரத்தப்போக்கு நிற்காவிட்டால்

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மி.லி. ரத்தம் ஓடுகிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்ததும் கருப்பை இறுகி அந்த ரத்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். இறுகாவிட்டால், கையில் இருப்பது மணிக்கணக்கு அல்ல, நிமிடக்கணக்கு.

இங்கே ஒரு 30 படுக்கை மருத்துவமனை செய்யக்கூடியவை பல. கருப்பையை இறுக வைக்கும் ஆக்சிடோசின் ஊசி, அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்தால்தான் வேலை செய்யும், எனவே மின்சாரம் போனாலும் ஓடும் ஃபிரிட்ஜ் வேண்டும். ரத்தக் கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம், பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கருப்பையைத் தேய்த்துவிடுவது, உள்ளே பலூன் வைப்பது, கால்களையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடையைப் போட்டு 108இல் ஏற்றுவது. இவற்றை நன்றாகப் பழகிய இரண்டு செவிலியர்கள் இருந்தாலே பல உயிர்கள் தப்பும்.

அதற்கு மேல் ரத்தம் வேண்டும். ரத்த சேமிப்பு மையம் என்பது ரத்த வங்கி அல்ல. அங்கே யாரும் ரத்தம் கொடுக்க முடியாது. தன்னோடு இணைத்த ரத்த வங்கியிலிருந்து சில யூனிட்களை வாங்கி, குளிரில் வைத்து, பொருத்தம் பார்த்து ஏற்றுவார்கள். பயன்படாமல் காலாவதி ஆகப்போவதை வங்கிக்குத் திருப்பி, புதிதாக வாங்கி வைக்க வேண்டும். யாரோ ஒருவர் வாராவாரம் அதைக் கவனிக்காவிட்டால் ஃபிரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

தாய்மரண விகிதத்தில் தமிழ்நாடு எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2001–03இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018–20இல் 54. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21), இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்திருந்தன. இனி அடுத்த படி, வந்து சேர்ந்த பிறகு கிடைக்கும் சிகிச்சையில்தான் இருக்கிறது.

சிறப்பு மருத்துவர் ஏன் கிடைப்பதில்லை

மத்திய அரசின் ஊரக சுகாதாரப் புள்ளிவிவரப்படி 2022இல், இந்திய கிராமப்புற சமுதாய சுகாதார நிலையங்களில் தேவையான சிறப்பு மருத்துவர்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பேர் இல்லை. இது சம்பளப் பிரச்சினை மட்டும் என்று சொல்வது பாதி உண்மை. துணைக்கு இன்னொருவர் இல்லாமல் தனியாக அறுவை சிகிச்சை செய்வதும், ஏதாவது ஆனால் கூட்டத்தின் முன் தனியாக நிற்பதும் யாரையும் பின்வாங்க வைக்கும்.

இரண்டு வழிகளில் இதைச் சமாளித்திருக்கிறார்கள். ஒன்று, எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கே 18 வாரம் உயிர்காக்கும் மயக்க மருந்துப் பயிற்சியும், 16 வாரம் அவசரப் பிரசவப் பயிற்சியும் தருவது. இன்னொன்று தமிழ்நாடு விடாமல் காப்பாற்றிய வழி: பட்ட மேற்படிப்பில் மாநில இடங்களில் 50 சதவீதத்தை அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு ஒதுக்குவது. கிராமத்தில் சில ஆண்டு வேலை பார்த்தவர் படித்துவிட்டு, சிறப்பு மருத்துவராக அரசுப் பணிக்கே திரும்பி வருகிறார். இந்த ஒதுக்கீட்டுக்குச் சிக்கல் வந்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஆகஸ்ட் 31இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. மாணவர் சேர்க்கைச் செய்தியாக மட்டும் அது கடந்து போனது. ஒன்றியத்து மருத்துவமனையில் இரவில் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லா ஊரிலும் அறுவை அரங்கு வேண்டுமா?

வேண்டாம் என்பதே நேர்மையான பதில். மேலே போட்ட கணக்குப்படி, ஒரு மாவட்டத்துக்கு எட்டு மகப்பேறு மருத்துவர்கள் இருந்தால், அவர்களை எட்டு இடத்தில் ஒவ்வொருவராகப் போடுவதை விட, இரண்டு இடத்தில் நான்கு நான்கு பேராக வைப்பது தாய்மாருக்கு நல்லது. ‘சீமாங்க்’ என்று அழைக்கப்படும் அவசரகாலத் தாய் சேய் நல மையங்களைத் தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளில் மட்டும் வைத்திருப்பதன் நியாயம் இதுதான்.

அப்படி ஒரு இடத்தில் குவித்தால், மற்ற இடங்களுக்கு இரண்டு கடமைகள் வருகின்றன. யாருக்குச் சிக்கல் வரலாம் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, வலி வரும் முன்பே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பது ஒன்று. மலை ஊர்களில் கர்ப்பிணிகளைப் பிரசவத் தேதிக்குச் சில நாள் முன்பே வரவழைத்துத் தங்க வைக்கும் காத்திருப்பு அறைகள் இதற்குத்தான். இரண்டாவது, வழியில் தாமதம் இல்லாமல் பார்ப்பது. 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ் இதைப் பெருமளவு தீர்த்தது. ஆனால் அனுப்பும் டாக்டர் முன்கூட்டியே போன் செய்து சொல்லி, அந்தப் பக்கம் அரங்கு தயாராக இருந்தால்தான் அந்த வேகத்துக்குப் பயன். போய்ச் சேர்ந்த இடத்திலும் இடமில்லை என்று மூன்றாவது ஊருக்கு அனுப்பினால், கொன்றது நோய் மட்டும் அல்ல.

உங்கள் மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

படுக்கை எண்ணிக்கையைக் கேட்டுப் பயனில்லை. இவற்றைக் கேளுங்கள்:

1. இது முதல் பரிந்துரை மையமா, இல்லையா?
2. கடந்த மூன்று மாதத்தில் இரவு 8 மணிக்கும் காலை 8 மணிக்கும் இடையே எத்தனை சிசேரியன் நடந்தது?
3. மயக்க மருந்து மருத்துவர்கள் எத்தனை பேர்? அனுமதித்த பணியிடம் எத்தனை, இன்று வேலையில் இருப்பவர் எத்தனை பேர்?
4. ரத்த சேமிப்பு மையத்தில் கடந்த மாதம் எத்தனை யூனிட் ஏற்றப்பட்டது?
5. மேல்சிகிச்சைக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர், என்ன காரணத்துக்கு?
6. பாம்புக்கடி விஷமுறிவு மருந்து இன்று எத்தனை குப்பி இருப்பில் உள்ளது?

ஆறுக்கும் பதில் மருத்துவமனைப் பதிவேடுகளிலேயே இருக்கிறது, நோயாளி யாருடைய பெயரையும் வெளியிடாமல் தரலாம். மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்தில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு. அவர்கள் வழியாகக் கேட்கலாம். கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம். வாய்மொழியாகப் பதில் வராவிட்டால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனுவில் ‘தரம் எப்படி உள்ளது’ என்று கேட்காதீர்கள், அதற்கு ‘நன்றாக உள்ளது’ என்று ஒரு வரி வரும். மாதம், நேரம், எண்ணிக்கை என்று கேளுங்கள்.